பச்சை மையில் ஒரு ‘பேசுக’

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. பல்கலைக்கழகமே அங்கி போர்த்தி, மேடையில் ஏற்றி, கைகுலுக்கிப் பட்டம் கொடுத்து அனுப்பிய முட்டாள்.

பட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். பல கணினிகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றன என்று வையுங்கள். ஒன்று இரண்டாவதன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது மூன்றாவதற்காகக் காத்திருக்கிறது. மூன்றாவது முதலாவதற்காகவே காத்திருக்கிறது. அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும். இதற்கு டெட்லாக் என்று பெயர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் உள்ளே வர வேண்டிய பஸ்ஸும் வெளியே போக வேண்டிய பஸ்ஸும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்க, இரண்டு டிரைவர்களும் கையைக் கட்டிக்கொண்டு எதிராளியைப் பார்ப்பார்களே, அதேதான். இப்படி நின்றுபோனதை உடனே கண்டுபிடிப்பது எப்படி என்று நூற்றெண்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினேன். பட்டம் வாங்கிய கையோடு நானே ஒரு டெட்லாக்கில் மாட்டி எட்டு மாதம் நின்றேன். நின்றது எனக்குத் தெரியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் நிவேதா. நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆராய்ச்சி முடிக்கப்போகிற பெண். போன மாதம் போன் செய்தாள்.

“சார், போஸ்ட்-டாக் அப்ளை பண்ணிட்டு இருக்கேன். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்லதான். ஒரே மத்தியானத்துல நாப்பது இடத்துக்கு அனுப்பிட்டேன் சார். நாலு நாளாச்சு, ஒருத்தர்கூடப் பதில் போடல. உங்க காலத்துல எல்லாம் எப்படி சார் அப்ளை பண்ணுவாங்க?”

நாலு நாள்! நான் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த என் மனைவி சாரதா எட்டிப் பார்த்தாள். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லையம்மா, எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதோ.

தொட்டியத்தில் வாழை போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. கணிதம் படித்தேன். மன்னார்புரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் கல்லூரிக்கு ஒரு கணினி வந்து இறங்கியது. இரண்டு பீரோ அளவு இருக்கும். கணக்குத் தெரிந்தவன்தானே என்று அதை என் தலையில் கட்டினார்கள். மூன்று மாதப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். கணினிக்குக் கட்டளை கொடுக்கும் துளையிட்ட அட்டைகளை வரிசை கலையக் கீழே போடக் கூடாது என்று அங்கே கற்றுக்கொண்டேன். திரும்பி வந்த முதல் நாளே கீழே போட்டேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் வரிசையாகச் செருப்புகள் கிடக்கும். கல்லூரியிலேயே குளிர்சாதனம் வைத்த ஒரே அறை அது என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் எல்லாத் துறைக்காரர்களுக்கும் திடீரென்று கணினியில் பக்தி வந்துவிடும். கையில் ஏதாவது ஒரு காகிதத்தோடு வந்து, கண்ணை மூடி அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு கணினி. என் ஆராய்ச்சியோ பல கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதைப் பற்றியது. கடலையே பார்க்காதவன் கப்பல் ஓட்டுவதைப் பற்றிப் புத்தகம் எழுதின மாதிரி. வேறு வழியில்லாமல் ஐந்து மாணவர்களை ஐந்து அறைகளில் உட்கார வைத்தேன். ஒவ்வொருவரும் ஒரு கணினி. துண்டுச்சீட்டுகள்தான் செய்திகள். என் விதிப்படி சீட்டு ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் டெட்லாக் என்று அர்த்தம். நாலு அறை வரைக்கும் அருமையாகப் போனது. ஐந்தாவது அறைக் கணினி கேண்டீனுக்குப் போய் வடை தின்றுகொண்டிருந்தது. அதனால் என் ஆய்வேட்டில் ‘ஒரு கணினி சொல்லாமல் செயலிழந்தால்’ என்று ஐந்தாவது அத்தியாயம் ஒன்று சேர்க்க வேண்டியதாயிற்று. தேர்வாளர், “இந்த அத்தியாயத்தில் ஆசிரியரின் நேரடி அனுபவம் தெரிகிறது” என்று பாராட்டி எழுதியிருந்தார்.

பட்டம் வந்தது. ஆனால் நிஜமான இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. மாணவர்கள் கேட்பார்கள், “நேர்ல எப்படி சார் இருக்கும்?” பார்த்தவன் மாதிரியே கையை ஆட்டி விளக்குவேன். அந்தப் பொய் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

வெளிநாட்டு ஆய்விதழ்கள் எங்கள் நூலகத்துக்குக் கப்பலில் வரும். ஆறு மாதம் ஆகும். கடைசிப் பக்கத்தில் ‘பரவலான கணினி அமைப்புகளில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வாய்ப்புகள்’ என்று விளம்பரங்கள் இருக்கும். பட்டம் வாங்கினவர் ஓரிரண்டு வருடம் வேறொரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சம்பளத்தோடு ஆராய்ச்சி செய்யலாம். பட்டம் பெற்று ஐந்து வருடத்துக்குள் வர வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. விளம்பரம் என் கைக்கு வரும்போது கடைசித் தேதி போயே போயிருக்கும். சரி, அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும் என்று இருபத்து மூன்று பேருக்கு நீலநிற வான்கடிதம் போட்டேன்.

தொட்டியத்திலிருந்து வந்திருந்த அப்பா குழம்பிப் போனார்.

“ஏம்ப்பா, டாக்டர் பட்டம் வாங்கினே, ஒரு ஊசி போடத் தெரியல. இப்ப என்னமோ போஸ்ட் டாக்டருங்கிறியே? ஊசியைத் தபால்ல அனுப்புவியா?”

இருபத்திரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் போட்டார். கனடாவில் ஒரு பேராசிரியர். எங்கள் வீட்டில் அவர் பெயரை யாராலும் சரியாகச் சொல்ல முடியாததால் ‘கனடாக்காரர்’ என்றே ஆகிவிட்டது. கடிதத்தில் நான் சுருக்கிச் சொல்லியிருந்த, வடை தின்னப் போன கணினியைப் பற்றிய அந்த ஐந்தாவது அத்தியாயம் அவருக்குப் பிடித்துவிட்டதாம். “எங்களிடம் ஆறு கணினிகள் ஒரே கம்பியில் இணைந்திருக்கின்றன. உங்கள் விதிகளை அவற்றில் ஓட்டிப் பார்க்கலாம். உங்களை விடுவிக்கச் சம்மதம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததும் முறையான நியமனக் கடிதம் அனுப்புகிறேன். மே மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பேன்” என்று எழுதியிருந்தார்.

அது செப்டம்பர். மே எங்கோ இருந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் எங்கள் வாடகை வீட்டில் அன்று கேசரி.

கல்லூரி என்னை விடுவிக்கத் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்குத் துறைத் தலைவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நியமனக் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. சான்று வந்தால்தான் நியமனக் கடிதம் என்கிறார் கனடாக்காரர். இந்த இடத்திலேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ‘நியமனக் கடிதம் பின்னால் வரும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, தலைவர் பார்த்துக்கொள்வார் என்று வந்துவிட்டேன்.

தலைவர் பேராசிரியர் ஆரோக்கியசாமி. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வார்த்தையைச் செலவு செய்யவே மாட்டார். கோப்புகளில் தமிழில்தான் எழுதுவார், அதுவும் பச்சை மையில், அச்சடித்த மாதிரி. மேஜையில் மூன்று பென்சில்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். யாராவது உள்ளே போனால் கண்ணாடியைக் கழற்றுவார். இடது கண்ணாடியை மூன்று முறை துடைப்பார், வலது கண்ணாடியை மூன்று முறை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் வழியாகப் பொன்மலையைப் பார்ப்பார். பொன்மலை அங்கேயே இருக்கிறது என்று உறுதியான பிறகு கண்ணாடியை மேஜையில் வைப்பார், போட்டுக்கொள்ள மாட்டார். கண்ணாடி இல்லாத கண்ணால் நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நாம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிவோம் என்பதால் நமக்கே நம்மேல் சந்தேகம் வந்துவிடும்.

பத்து நாளில் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அலுவலகத்தில் தபால் அனுப்புகிற காதர் பாய். ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல்: ‘பேசுக.’

பேசக் கூப்பிடுகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். கையால் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். இடது மூன்று, வலது மூன்று, பொன்மலை.

“அப்புறம்?” என்றார்.

“நல்லா இருக்கேன் சார்.”

“உம்.”

மின்விசிறி சுற்றியது. பெரியவர், கூப்பிட்டவர், அவர்தானே ஆரம்பிக்க வேண்டும்? நான் பணிவாகக் காத்திருந்தேன்.

“அப்புறம்?” என்றார் மறுபடி.

“வீட்டுலயும் நல்லா இருக்காங்க சார்.”

“சரி” என்றார். அந்தச் ‘சரி’யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, “ரொம்ப நன்றி சார், போயிட்டு வரேன் சார்” என்று எழுந்து வந்தேன். அவர் ஏன் அப்படிக் குழப்பமாகப் பார்த்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கோப்பு மறுபடி வந்தது. ‘பேசுக.’

இப்படி ஒன்று, இரண்டு, மூன்று. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. ஒவ்வொரு முறையும் போனேன். ஒவ்வொரு முறையும் ‘அப்புறம்?’ வந்தது. மழையைப் பற்றிச் சொன்னேன். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததைச் சொன்னேன். அப்பா கொண்டுவந்த வாழைத்தாரில் ஒரு சீப்பு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “சரி” என்றார். காதர் பாய்க்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும்.

“சார், உங்க ஃபைல் மறுபடி ஊர் சுத்திட்டு வந்துருச்சு. இந்த வாட்டி நல்லா இளைச்சுப் போயிருக்கு பாருங்க.”

“என்ன பாய் எழுதியிருக்காரு?”

“வழக்கம்போலத்தான். நீங்க ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கறீங்க? வெளியில ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குதே.”

நான் ஆழமான காரணங்களை ஆராய்ந்தேன். அவருக்கு என்மேல் பொறாமை. இல்லை, கணினி அறைக்கு ஆள் இருக்காது என்ற கவலை. இல்லை, என் பொறுமையைச் சோதிக்கிறார். பொறுமையில் நான் சளைத்தவனா? மார்ச் போனது, ஏப்ரல் போனது.

மே முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. கத்திரி வெயில் எட்டு மணிக்கே முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. சாரதா ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஏழாவது ‘பேசுக’வோடு வந்திருந்த கோப்பு என் மடியில் கிடந்தது.

“இந்த மாசத்தோட முடியுதுல்ல?” என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“முடியுது.”

“அவரு என்னதான் சொல்றாரு?”

“ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்றது? அவருதானே கூப்பிட்டாரு. அவருதானே பேசணும்?”

சாரதா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். “அதுல என்னன்னு எழுதியிருக்கு? வாசிங்க.”

“பேசுக.”

“யாரு பேசுக?”

“அவரு... என்கிட்ட...”

“அப்படியா எழுதியிருக்கு?” கையிலிருந்த விடைத்தாளை என் முன்னால் நீட்டினாள். “இந்தப் பொண்ணு எழுதியிருக்கறதைப் பாருங்க. பேசுகங்கிறது வியங்கோள் வினைமுற்று. தன்மை, முன்னிலை, படர்க்கை மூணுக்கும் ஒண்ணுதான். நான் பேசுக, நீ பேசுக, அவர் பேசுக. யார் பேசணும்னு அந்தச் சொல்லுல கிடையாது. எட்டாம் கிளாஸ் பொண்ணுக்குத் தெரியுது.”

“அப்படின்னா?”

“அப்படின்னா, விளக்கம் போதல, நீங்க வந்து பேசுங்கன்னு அவரு எழுதியிருக்காரு. நீங்க அவரு பேசுவாருன்னு போய் உக்காந்துட்டு, கொள்ளிடத்துல தண்ணி வந்த கதையைச் சொல்லிட்டு வர்றீங்க. அவரு நீங்க ஆரம்பிப்பீங்கன்னு காத்திருக்காரு, நீங்க அவரு ஆரம்பிப்பாருன்னு காத்திருக்கீங்க. எத்தனை மாசமா?”

“எட்டு.”

“இதுக்கு உங்க புஸ்தகத்துல ஏதோ பேர் வெச்சிருந்தீங்களே, என்னது அது?”

நான் சொன்னேன். சத்தம் வெளியே வரவில்லை.

“என்ன?”

“டெட்லாக்.”

“ம். அதேதான்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

மறுநாள் கோடை விடுமுறை என்றாலும் தலைவர் அறையில் இருந்தார். நான் கதவைத் தட்டியதும் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணாடியை ஒரு முறைதான் துடைத்திருப்பார், நான் ஆரம்பித்துவிட்டேன். கனடா, ஆறு கணினி, ஒரே கம்பி, மே மாதக் கடைசி, ஐந்து வருட நிபந்தனை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். கண்ணாடியும் கைக்குட்டையும் கையிலேயே நின்றுபோயின.

“இதைச் சொல்லச் சொல்லித்தானே அத்தனை வாட்டி எழுதினேன்?” என்றார். “நியமனக் கடிதம் எங்க?”

“சான்று கொடுத்தாத்தான் சார் அவங்க அனுப்புவாங்க.”

“அது வந்தாத்தான் நான் சான்று கொடுக்க முடியும்.”

ஒரு டெட்லாக்கிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்தேன், அடுத்தது வாசலிலேயே நின்றது. இதையாவது கண்டுபிடித்தேன் என்ற உற்சாகத்தில் அவருடைய பென்சிலையே எடுத்துக் காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள் போட்டேன்.

“சரி, உங்க ஆராய்ச்சியில இதுக்கு என்ன வழி?” என்றார்.

“யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும் சார். அந்த ஆளுக்குப் பலியாள்னு பேரு.”

“யாரைப் பலி குடுப்பீங்க?”

காகிதத்தைப் பார்த்தேன். கல்லூரி விதியை விட்டுக்கொடுக்காது. கனடாக்காரர் எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறார். மிச்சம் இருப்பது யார்?

“நான் ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன் சார். அப்ப சான்றே தேவைப்படாது.”

வேடிக்கையாகச் சொல்வதாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அது வேடிக்கையாக இல்லாமல் போய்விட்டது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னை அவர் தெளிவாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“ரெண்டு மெஷின் பேசறதைப் பாக்கறதுக்கா செல்லமுத்து, வேலையை விடறேங்கறீங்க?”

“ஆமா சார். நான் பார்த்ததே இல்ல சார். பசங்களுக்குப் பார்த்த மாதிரியே சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்.”

மின்விசிறி சுற்றியது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்த காதர் பாய், எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“சார், நடுவுல பேசறேன், மன்னிக்கணும். போன மாசம் லேபுக்கு ஃபேன் வாங்கினோம். மேலேர்ந்து அனுமதி வரல. அப்ப என்ன போட்டோம்? ‘அனுமதியை எதிர்நோக்கி’ன்னு போட்டோம். ஃபேன் வந்துச்சு, அனுமதி அப்புறமா வந்துச்சு. ஃபேனுக்குப் போட்டதை மனுஷனுக்குப் போடக் கூடாதா சார்?”

தலைவர் பொன்மலையைப் பார்த்தார். பிறகு பச்சைப் பேனாவைத் திறந்தார். ‘நியமனக் கடிதத்தை எதிர்நோக்கி, இவரை விடுவிப்பதில் தடையில்லை.’

நூற்றெண்பது பக்கத்தில் நான் கண்டுபிடிக்காத வழியைப் பாய் ஒரு மின்விசிறியில் கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்லாம் சரியாக வரும் என்று நம்பி முதலில் செய்துவிட்டு, பிறகு சரிபார்த்துக்கொள்ளும் இந்த முறையைப் பற்றி வெளிநாட்டில் அப்போதே பெரிய பெரிய கட்டுரைகள் வந்திருந்தன என்று பின்னால் தெரிந்தது. எங்கள் நூலகத்துக்குத்தான் கப்பல் வந்து சேரவில்லை. வந்த பிறகு தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் காதர் பாய் பெயர் இல்லை.

அலுவலகத்தில் சான்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி என் கையில் கொடுக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வான்வழியில் போனாலும் பதினைந்து நாள் ஆகும். மே முடிவதற்குள் போய்ச் சேராது என்று கணக்குத் தெரிந்த எனக்குத் தெரியும். அதனால் கூடவே ஒரு கடிதமும் எழுதினேன், நாலு பக்கம். எட்டு மாதத் தாமதத்துக்குக் காரணம், வியங்கோள் வினைமுற்றுக்கு ஆங்கில விளக்கம், வட்டமும் அம்புக்குறியும் போட்ட படம், இதில் யார்மேலும் தவறில்லை என்பதற்கு ஒரு நிரூபணம். கடைசியில் மூன்று கேள்விகள்: இடம் இன்னும் இருக்கிறதா, இல்லையென்றால் அடுத்த வருடம் ஐந்து வருட நிபந்தனையைத் தளர்த்துவார்களா, எப்படியானாலும் என்னை மன்னிப்பீர்களா?

சாரதா படித்துப் பார்த்தாள். “மன்னிப்புக் கடிதமா இது, ஆறாவது அத்தியாயமா?” என்றாள். ஆனால் ஒட்டித் தபாலில் போட்டவள் அவள்தான்.

மே முடிந்தது. கல்லூரி திறந்தது. கணினி அறை வாசலில் செருப்புகள் குறைந்தன. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார். தலைவர் மட்டும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் “அப்புறம்?” என்பார். “ஒண்ணும் வரல சார்” என்பேன். வகுப்பில் ஒரு பையன், “நேர்ல எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டான். “எனக்குத் தெரியாதுப்பா, நான் பார்த்ததில்லை” என்றேன். கணினிப் பாடம் எடுத்த பதினோரு வருடத்தில் முதல் தடவை.

ஜூன் மூன்றாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம், சைக்கிள் மணி அடித்தது. தபால்காரர் இல்லை, தந்தி கொண்டுவருபவர். எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவு. நான் கையெழுத்துப் போடுவதற்குள் பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்து, யார் என்றுகூடக் கேட்காமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுவிட்டார். எதிர்வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லத் தயாராகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“பிரிங்க” என்றாள் சாரதா.

“நீ பிரி.”

“உங்களுக்குத்தான் வந்திருக்கு.”

“நீயே பிரியேன்.”

“மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று பிடுங்கிப் பிரித்தாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நாலு பக்கம், ஒரு படம், ஒரு நிரூபணம், மூன்று கேள்விகள் எல்லாவற்றுக்குமாகக் கனடாக்காரர் எழுதியிருந்த பதில் ஒரே வரி:

“குளிருக்குக் கோட்டு கொண்டு வரவும்.”